சவ்வும் கணக்கும்

அட்டன், நுவரெலியா மலைகளின் ஓடைகளைத் தன்னுட் கொண்டு கீழிறங்கும் மகாவலி கங்கையின் ஒரு பகுதி, 1976ஆம் ஆண்டு முதல் பொல்கொல்லையில் திருப்பப்பட்டு, உலர் வலயத்தின் வயல்களுக்குப் பாய்கிறது. வயலுக்கு நீர் கிடைத்த அப்பிரதேசத்தில் குடிநீரோ துயராயிற்று. அனுராதபுர மாவட்டத்தில் பல கிணறுகளின் நீர் கடினமானது, புளோரைட்டு மிகுந்தது. 1990களில் அங்கே உழவரிடையே ஒரு சிறுநீரக நோய் அறியப்பட்டது. அதன் காரணம் இன்றும் ஆய்விலேயே இருக்கிறது. எனினும், தூய நீர் வேண்டிப் பல கிராமங்களில் ‘ஆர்.ஓ.’ எனப்படும் எதிர்ச் சவ்வூடு பரவல் நிலையங்கள் எழுந்தன.

இந்நிலையத்தின் உயிர் ஒரு மெல்லிய சவ்வு. நீரை மட்டும் புகவிட்டுப் பிறவற்றைத் தடுக்கும் சவ்வின் இயல்பை, 1748இல் பிரான்சு நாட்டு நொல்லே பாதிரியார் பன்றியின் சிறுநீர்ப்பையைக் கொண்டு கண்டார். இரு நூற்றாண்டுகள் கழிந்தபின், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியரான சீனிவாச சௌரிராஜனும் பயன்தரு சவ்வை ஆக்கினர். 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா நகர் அம்முறையாற் குடிநீர் பெற்றது.

சௌரிராஜனின் மற்றொரு தொண்டு அதிகம் பேசப்படுவதில்லை. 1967இல் அவரும் கிமுரா என்னும் ஜப்பானிய அறிஞரும், சோதனையில் அளந்த எண்களைக் கொண்டே ஒரு சவ்வு எவ்வளவு நீர் தரும், எவ்வளவு உப்பைத் தடுக்கும் என முன்கூட்டிக் கணிக்கும் வழியை வகுத்தனர். இன்று புள்ளிவிபரவியல் அப்பணியைத் தொடர்கிறது.

கணிப்பு எதற்கு? குளிரில் நீரின் பிசுக்குமை கூடும். ஆகவே 25 பாகை வெப்பத்தில் 100 லீற்றர் தரும் சவ்வு, நுவரெலியாவின் 16 பாகையில், அழுத்தம் மாறாதிருந்தாலும், ஏறக்குறைய 75 லீற்றரே தரும். அது சவ்வின் பழுதன்று. வெப்பம், அழுத்தம், உப்பு ஆகியவற்றின் பங்கைக் கழித்த பின்னும் பல நாட்களாக நீரளவு இறங்கிக்கொண்டே வந்தால், சவ்வில் அழுக்குப் படிந்திருக்கக் கூடும். நீரளவு கூடி, உப்பும் கூடினால், சவ்வு கிழிந்திருக்கலாம். இரு நிலையிலும் குவளையில் நீர் ஒன்றுபோலவே தெளிந்து நிற்கும். கண்ணால் அறிய இயலாது.

தேயிலைத் தோட்டத்தில் அன்றன்று நிறுத்த கொழுந்தைப் பெயருக்கு நேரே பதியாவிடில், உழைத்தவருக்கு நீதி கிடையாது. அவ்வாறே, நாள்தோறும் அளவு குறிக்கும் ஏடு இல்லாத நிலையத்தில் நீர் அருந்துவோருக்குக் காப்பில்லை. பொறியை நிறுவுதல் ஒரு நாட் பணி. கணக்கை வைத்தல் நித்தியப் பணி. அப்பணியை ஊரவர் கேட்டுப் பெறுதல் வேண்டும்.