புரோகிரசிவ் ராக்: எந்தக் குழு உள்ளே, எது வெளியே

புரோகிரசிவ் ராக், சுருக்கமாக புரோக், 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் உருவான இசைப் பிரிவு. மூன்று நிமிடப் பாட்டின் அளவை மீறிய நீண்ட படைப்புகள், அடிக்கடி மாறும் தாளக் கணக்குகள், ஐரோப்பியச் செவ்வியல் இசையிலிருந்தும் ஜாஸிலிருந்தும் எடுத்தாண்ட அமைப்புகள், மெல்லோட்ரான், ஹாமண்ட் ஆர்கன், மூக் சிந்தசைசர் ஆகிய கருவிகளின் செல்வாக்கு, இசைத்தட்டு முழுவதையும் ஒரே படைப்பாகக் கொள்ளும் நோக்கு ஆகியவை இதன் அடையாளங்கள் என்பார்கள். யெஸ், ஜெனசிஸ், கிங் கிரிம்சன், எமர்சன் லேக் அண்ட் பால்மர் ஆகிய குழுக்களை இதில் சேர்க்க எவரும் தயங்குவதில்லை. பிங்க் ஃபிளாய்டின் பெயரைச் சொன்னதும் கருத்து வேறுபாடு தொடங்கிவிடும். குவீன், ரஷ், மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா, ரேடியோஹெட் என்று பட்டியல் நீள நீள அது வலுக்கும். அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடரும் இந்த விவாதத்தில் வாதங்கள் மட்டுமல்லாமல் வாதிடுவோரும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறார்கள்.

வேலி இல்லாத காலம்

1967 தொடக்க ஆண்டாகப் பொதுவாக ஏற்கப்படுகிறது. செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் சாயல் கொண்ட ஆர்கன் இசையோடு புரோகல் ஹாரம் குழுவின் முதல் பாட்டு அந்த மே மாதம் வந்தது. அடுத்து பீட்டில்ஸின் ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ்’ வெளிவந்தது. நவம்பரில் மூடி புளூஸ் குழு, முழு ஆர்கெஸ்ட்ராவுடன் ஒரு நாளின் பொழுதுகளைப் பாடும் ‘டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்’ இசைத்தட்டை வெளியிட்டது. அக்குழுவின் மைக் பிண்டர், மெல்லோட்ரான் தயாரித்த பர்மிங்ஹாம் நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்தவர். அந்தக் கருவியின் ஒவ்வொரு கட்டைக்குப் பின்னாலும், வயலினோ புல்லாங்குழலோ பதிவு செய்த ஒரு நாடாத் துண்டு இருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். வாத்தியக் கூட்டத்தை அழைக்க வசதியில்லாத இளைஞர்களுக்கு இதன் மூலம் அந்த ஒலி கைக்கு எட்டியது. 1969 அக்டோபர் 10 அன்று வெளியான கிங் கிரிம்சனின் ‘இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்’ அந்த ஒலியை அச்சமூட்டும் பிரம்மாண்டமாக வளர்த்தெடுத்தது.

அன்று ‘புரோகிரசிவ்’ என்பது ஒரு பாணியின் பெயராக இருக்கவில்லை. தனிப்பாட்டுத் தட்டுகளை விட்டு நீண்ட இசைத்தட்டுகளை வாங்கிய கல்லூரிக் கூட்டத்துக்கான ராக் முழுவதையும் அது குறித்தது. 1969இல் ஈ.எம்.ஐ. நிறுவனம் ‘ஹார்வெஸ்ட்’ என்ற முத்திரையையும், பிலிப்ஸ் ‘வெர்டிகோ’ என்ற முத்திரையையும் இந்தச் சந்தைக்காகவே தொடங்கின. பிங்க் ஃபிளாய்டும் டீப் பர்பிளும் ஹார்வெஸ்டின் கீழ் வந்தன. வெர்டிகோவின் முதல் இசைத்தட்டு கொலோசியம் குழுவின் ‘வேலன்டைன் சூட்’. சில மாதங்களில், 1970 பிப்ரவரியில், அதே முத்திரையில் பிளாக் சபாத்தின் முதல் இசைத்தட்டும் வந்தது. இன்று ஹெவி மெட்டலின் தாய் என்று கொண்டாடப்படும் குழு, அன்று கடையில் புரோகிரசிவ் வரிசையில்தான் இருந்தது. டீப் பர்பிளோ 1969 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து ஒரு கன்செர்ட்டோவே வாசித்தது. மறு ஆண்டு ‘இன் ராக்’ வந்த பிறகு அதை ஹார்ட் ராக் பக்கம் தள்ளிவிட்டார்கள். கன்செர்ட்டோ நடந்த இரவில் அந்தக் குழு எந்தப் பிரிவில் இருந்தது என்ற கேள்விக்கு, பின்னாளில் வந்த வகைப்பாடுகளிடம் பதில் இல்லை.

பாணி இறுகுதல்

1971 முதல் 1974 வரையான ஆண்டுகளில்தான் இன்று நாம் புரோக் என்று அடையாளம் காணும் ஒலி உருப்பெற்றது. 1972இல் மட்டும் ஜெனசிஸின் ‘சப்பர்ஸ் ரெடி’ (சுமார் 23 நிமிடம்), யெஸ்ஸின் ‘குளோஸ் டு த எட்ஜ்’ (18 நிமிடத்துக்கு மேல்), இசைத்தட்டின் இரு பக்கங்களையும் ஒரே பாட்டு நிரப்பும் ஜெத்ரோ டல்லின் ‘திக் ஆஸ் எ பிரிக்’ ஆகிய மூன்றும் வெளிவந்தன. கடைசியாகச் சொன்னது பிறந்த கதை இந்த விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது. முந்தைய ஆண்டு வந்த அக்குழுவின் ‘அக்வாலங்’கை விமர்சகர்கள் ஒரே கருத்தைச் சுற்றிய இசைத்தட்டு என்று எழுத, அதை மறுத்த குழுத் தலைவர் இயன் ஆண்டர்சன், அப்படி ஒன்று வேண்டுமென்றால் இதோ என்று கேலியாகவே ‘திக் ஆஸ் எ பிரிக்’கை அமைத்தார். அமெரிக்கப் பட்டியலில் அது முதலிடத்துக்கு வந்தது. இன்று புரோக் இசையின் தலையாய சான்றுகளில் ஒன்றாக அது வைக்கப்படுகிறது. இதில் தவறேதும் இல்லை. கேலி செய்ய எடுத்துக்கொண்ட வடிவத்தைக் கேலிக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு அக்கறையோடு இழைத்திருக்கிறார்கள்.

1973 இறுதியில் யெஸ் வெளியிட்ட ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ எதிர்த் துருவத்தில் நிற்கிறது. பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் சாஸ்திரங்களைப் பற்றி வரும் ஓர் அடிக்குறிப்பைப் படித்த பாடகர் ஜான் ஆண்டர்சன், அதிலிருந்து இசைத்தட்டின் நான்கு பக்கங்களுக்கு நான்கு நெடும்பாட்டுகளை எழுப்பினார். அதில் மனம் ஒட்டாத கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன் 1974இல் குழுவை விட்டு விலகினார். எது புரோக், எது மிகை என்ற கேள்வி விமர்சகர்கள் கையில் எடுக்கும் முன்பே குழுக்களுக்கு உள்ளேயே எழுந்துவிட்டது.

பிங்க் ஃபிளாய்ட் வழக்கு

மற்ற எந்தக் குழுவையும்விட அதிகம் விவாதிக்கப்பட்டது பிங்க் ஃபிளாய்ட். வெளியே நிறுத்துவோரின் வாதம் வலுவற்றது அல்ல. யெஸ், எமர்சன் லேக் அண்ட் பால்மர் கலைஞர்களின் விரல் வேகம் இவர்களிடம் இல்லை. பெரும்பாலான பாட்டுகள் நிதான காலத்தில் நகர்கின்றன. டேவிட் கில்மோரின் கிட்டார் புளூஸில் வேரூன்றியது. தாளச் சிக்கலும் குறைவு. ‘மணி’ பாட்டு ஏழு எண்ணிக்கையில் சுழல்கிறது என்பது உண்மை. மிஸ்ரம் பழகிய நம் காதுக்கு அது உடனே பிடிபடும். ஆனால் கிட்டாரின் தனி வாசிப்பு தொடங்கியதும் தாளம் நான்குக்கு மாறிவிடுகிறது.

இந்த வாதம் வித்வத்தை நுழைவுத் தேர்வாக வைக்கிறது. கட்டமைப்பைக் கொண்டு பார்த்தால் முடிவு தலைகீழாகும். 1971இன் ‘எக்கோஸ்’ 23 நிமிடம் ஓடுகிறது. அதில் ஒரு பகுதியை இடம் மாற்றி வைக்க முடியாது. 1973இன் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பிலேயே அடங்குகிறது. கடிகாரம், கல்லாப்பெட்டி, பேச்சுக்குரல் ஆகியவையும் இசைக்கு மூலப்பொருளாகின்றன. ராக் இசையின் எல்லையை விரிப்பது என்ற நோக்கத்துக்கு இதைவிட நேர்மையான நிறைவேற்றம் அந்த ஆண்டில் வரவில்லை. ஃபிளாய்டை விலக்கும் எந்த வரையறையும் தன்னைத்தானே சுருக்கிக்கொள்கிறது.

கடலுக்கு அப்பால்

ஜெர்மனியின் கேன், இத்தாலியின் பிரேமியாட்டா ஃபோர்னெரியா மார்கோனி, தன் பாட்டுகளுக்கென்றே கோபையன் என்ற மொழியைப் படைத்துக்கொண்ட பிரான்சின் மக்மா ஆகியவை ஆங்கிலக் குழுக்களின் அளவுகோலுக்கு எளிதில் அடங்காதவை. ஆங்கிலேயரான வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் ‘பான் ஹார்ட்ஸ்’ சொந்த நாட்டில் பட்டியலையே எட்டாமல் இத்தாலியில் முதலிடம் பிடித்தது. 1978 மார்ச் 12 அன்று ஹென்றி கௌ குழு லண்டனில் கூட்டிய ‘ராக் இன் ஆப்போசிஷன்’ நிகழ்ச்சியில், இசைத்தட்டு நிறுவனங்கள் கண்டுகொள்ளாத ஐரோப்பியக் குழுக்கள் ஒரே மேடையில் வாசித்தன. ஜான் மக்லாஃப்லினின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவுக்கு வேறு வகைச் சிக்கல். ஜாஸ் ஃப்யூஷன் என்று ஒதுக்கப்படும் அக்குழுவின் தாளக் கணக்குகள் பல புரோக் குழுக்களுடையவற்றைவிடக் கடினமானவை. அவரே பிறகு எல். சங்கரின் வயலினையும் விக்கு விநாயக்ராமின் கடத்தையும் சேர்த்து சக்தி குழுவை நடத்தியபோது எந்த வகைப் பெயரும் ஒட்டவில்லை.

பங்க் இயக்கத்துக்குப் பின்

1976-77இல் பங்க் இயக்கம் புரோக் என்பதை வசைச்சொல் ஆக்கியது. செக்ஸ் பிஸ்டல்ஸின் ஜானி ராட்டன், பிங்க் ஃபிளாய்டை வெறுப்பதாக எழுதிய சட்டையோடு திரிந்தார். அதே மனிதர் 1977இல் கேப்பிட்டல் ரேடியோவில் தனக்குப் பிடித்த பாட்டுகளை ஒலிபரப்பியபோது வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் பீட்டர் ஹாமிலை மனதாரப் பாராட்டினார். பத்திரிகைகள் எழுப்பிய சுவர் இசைக்கலைஞர்களுக்கு நடுவே அவ்வளவு உயரமாக இருக்கவில்லை.

அடுத்த பத்தாண்டில்தான் விவாதத்தின் மையக் கேள்வி தெளிவடைந்தது. 1974இல் கிங் கிரிம்சனைக் கலைத்த ராபர்ட் ஃபிரிப், 1981இல் ‘டிசிப்ளின்’ இசைத்தட்டோடு அதை மீட்டெடுத்தார். அதில் மெல்லோட்ரான் இல்லை, இருபது நிமிடப் பாட்டு இல்லை. ஜாவாவின் கமெலான் இசையை நினைவூட்டும்படி இரண்டு கிட்டார்கள் வெவ்வேறு எண்ணிக்கையில் சுழன்று பின்னிக்கொள்கின்றன. 1983இல் வந்த மரில்லியனின் முதல் இசைத்தட்டோ ஜெனசிஸின் 1972ஆம் ஆண்டு உலகத்துக்குத் திரும்பியது. பாடகர் ஃபிஷ்ஷின் முகப்பூச்சுகூட ஜெனசிஸின் பாடகராக இருந்த பீட்டர் கேப்ரியலை நினைவூட்டியது. ஒலியைக் கொண்டு அளந்தால் மரில்லியன் உள்ளே, கிரிம்சன் வெளியே. நோக்கத்தைக் கொண்டு அளந்தால் இரண்டும் இடம் மாறும். கேட்போர் பலர் இரண்டையும் சேர்த்துக்கொண்டு, முரண்பாட்டைத் தீர்க்காமலே விட்டுவிட்டார்கள்.

குழுவை அலகாகக் கொள்வதுதான் குழப்பத்தின் ஊற்று என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. ‘குவீன் II’ (1974) எந்த அளவுகோலிலும் புரோக். அதே குழுவின் ‘த கேம்’ (1980) அப்படி அல்ல. 1986இல் ஜெனசிஸ் வெளியிட்ட ‘இன்விசிபிள் டச்’ வானொலிக்கான பாப் இசைதான். ஆனாலும் இரண்டு பகுதிகளாகப் பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் ‘டோமினோ’ அதில்தான் இருக்கிறது. ரஷ்ஷின் ‘2112’ இசைத்தட்டில் (1976) முதல் பக்கம் முழுவதும் ஒரே தொகுப்பு, மறுபக்கத்தில் குறும்பாட்டுகள். எல்லைக்கோடு குழுக்களுக்கு நடுவே ஓடவில்லை. பெரும்பாலும் ஒரே இசைத்தட்டின் ஊடாகவே ஓடுகிறது.

வகைப்பாடு எவ்வளவு தடுமாறும் என்பதற்கு 1989ஆம் ஆண்டு கிராமி விருது ஒன்றே போதும். ஹார்ட் ராக், மெட்டல் பிரிவின் விருது மெட்டாலிகாவுக்குப் போகாமல் புல்லாங்குழலை முன்னிறுத்திய ஜெத்ரோ டல்லுக்குப் போனது.

ஆய்வாளர்களும் புதியவர்களும்

1997இல் எட்வர்ட் மேக்கன் எழுதிய ‘ராக்கிங் த கிளாசிக்ஸ்’ புரோக்கை ஆங்கில மத்தியதர வர்க்கத்தின் எதிர்ப்பண்பாட்டோடும் ஆங்கிலிக்கன் தேவாலய இசையோடும் பிணைத்துப் பார்த்தது. அந்தப் பார்வை ஆழமானது. ஆனால் பிற நாட்டுக் குழுக்கள் அதில் ஓரமாகிவிடுகின்றன. 2011இல் பால் ஹெகார்ட்டியும் மார்ட்டின் ஹாலிவெல்லும் எழுதிய ‘பியாண்ட் அண்ட் பிஃபோர்’ பாடகி கேட் புஷ் வரை வலையை விரித்தது. இதற்கிடையில் டிரீம் தியேட்டர் (1992இல் ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’), டூல் ஆகியவை மெட்டல் வழியாக உள்ளே வந்தன. ‘ஓகே கம்ப்யூட்டர்’ (1997) வந்ததும் விமர்சகர்கள் ரேடியோஹெட்டை இந்த வரிசையில் வைத்தார்கள். குழுவோ அந்தப் பெயரை ஏற்கவில்லை. 2009இல் ‘புரோக்’ என்ற பெயரிலேயே ஒரு பிரிட்டிஷ் இதழ் தொடங்கியது. வசைச்சொல்லாக இருந்தது அதற்குள் பெருமைச்சொல்லாகிவிட்டது.

2011இல் சுவீடனின் ஓபெத், டெத் மெட்டலின் உறுமல் குரலை முற்றிலும் விட்டுவிட்டு, 1970களின் ஆர்கனும் மெல்லோட்ரானும் மணக்கும் ‘ஹெரிடேஜ்’ இசைத்தட்டை வெளியிட்டது. உறுமலையும் அக்கூஸ்டிக் கிட்டாரையும் கலந்து வாசித்த காலத்தில்தான் அவர்கள் உண்மையில் புரோகிரசிவ்வாக இருந்தார்கள் என்று ரசிகர்களில் ஒரு பாதி சொல்கிறது. ‘ஹெரிடேஜ்’ வந்த பிறகுதான் அந்தப் பெயருக்கு உரியவர்கள் ஆனார்கள் என்கிறது மறுபாதி.