சோழரும் ஸ்ரீவிஜயமும்

பலேம்பாங்கைத் தலைமையாகக் கொண்டு சுமத்திரா, மலாய்க் கரைகளில் 7ஆம் நூற்றாண்டு முதல் இயங்கிய துறைமுக நகரங்களின் கூட்டு ஸ்ரீவிஜயம். சீனம் செல்லும் கப்பல்கள் கடக்கும் மலாக்கா நீரிணை அதன் பிடியில் இருந்தது. காவிரிப் படுகையில் வலுப்பெற்ற சோழ அரசு, 11ஆம் நூற்றாண்டில் இந்தக் கூட்டுக்குள் செல்வாக்குப் பெற்றது.

இப்படுகைக்குக் கீழைக் கடல் புதிதன்று. சீர்காழி வட்டத்தில் உள்ள பழைய துறைமுகமான பூம்புகாரில், மேலையூர் அகழாய்வில் பௌத்த விகாரை ஒன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. சோழர் காலத்தில் முதன்மைத் துறைமுகம் தெற்கே நாகப்பட்டினம். அங்கே ஸ்ரீவிஜயக் கூட்டைச் சேர்ந்த கடாரத்து (இன்றைய கெடா) அரசன் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு, முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் (சுமார் 1006) ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக (பௌத்த, சமணப் பள்ளிகளுக்கான கொடையாக) கொடுத்தான். பிடி யானையை நடத்தி எல்லை வகுத்த அந்த ஊரின் 97 வேலி நிலத்துக்குரிய காணிக்கடன் (நிலவரி) ஏறத்தாழ 8,943 கலம் நெல். இதைப் பதிந்த 21 செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போனதால் அந்நகரின் பெயரால் அறியப்படுகின்றன. நாகைக் காரோணத்துச் சிவன் கோயிலுக்கும் கடாரத்தரசன் சீனக்கனகம் அனுப்பியதைக் கல்வெட்டு சொல்கிறது. நட்பை நாடி வந்தது, முதலில், கடல் கடந்த அரசுதான்.

1025 வாக்கில் முதலாம் இராசேந்திரனின் கடற்படை ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், கடாரம் உள்ளிட்ட 13 இடங்களைத் தாக்கியது. கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் சிறைப்பட்டான். வணிகத்துக்கு நேர்ந்த இடையூறா, திக்விசய ஆசையா எனக் காரணத்தை இருவகையாக எடைபோட்டார் வரலாற்றாசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி. பிடித்த நகரங்களில் சோழர் நிலையான ஆட்சி எதையும் அமைக்கவில்லை. 1068 வாக்கில் வீரராசேந்திரனும் கடாரத்தை வென்று, தன்னிடம் அடைக்கலம் கேட்ட அரசனிடமே அளித்தான். பாடநூல்களில் படையெடுப்புக்கே பேரிடம் கிடைக்கிறது. ஆயினும் செல்வாக்கின் ஆழத்தை அறிய ஆனைமங்கலக் கொடையைப் பதிந்த செப்பேடுகளே கூடுதலாக உதவும்.

அடுத்து வந்த சோழ மன்னன் முதலாம் குலோத்துங்கன் 1077இல் சீனத்துக்குத் தூது அனுப்பினான். 1090இல் கடாரத்துத் தூதர் வேண்டியபடி சூடாமணி விகாரையின் ஊர்களுக்கு வரிவிலக்குத் தந்தான். இதற்கிடையே, 1088இல், சுமத்திராவின் பாரூசில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு தமிழ்க் கல்வெட்டு நிறுவியது. துறைக்கு வரும் மரக்கலத்தார் கஸ்தூரி விலையைக் கொண்டு பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணத்தை அது வரையறுக்கிறது.