வேலையில்லா விகிதம்: மாநிலத்துக்கு மாநிலம் ஏன் மாறுகிறது?

நாட்டில் வேலையில்லாதோர் குறைந்துவிட்டனர் என்ற செய்தி வரும்போதெல்லாம், "அப்படியென்றால் என் மகனுக்கு மட்டும் ஏன் வேலை கிடைக்கவில்லை?" என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. செய்தியும் சரி, அவர்களின் கேள்வியும் சரி. நாடு முழுமைக்குமான ஒரே எண், ஊருக்கு ஊர் இருக்கும் வேறுபாட்டைக் காட்டுவதில்லை.

யார் வேலையில்லாதவர்?

மலேசியப் புள்ளிவிவரத் துறை வீடு வீடாக ஆய்வு நடத்தி இந்த விகிதத்தைக் கணக்கிடுகிறது. 15 முதல் 64 வயது வரையிலானவர்கள் இதில் அடங்குவர். ஆய்வுக்குரிய வாரத்தில் கூலிக்காகவோ குடும்பத் தொழிலிலோ ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே அவர் "வேலையில் இருப்பவர்". மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் பட்டதாரியும் அந்தக் கணக்கில்தான் வருவார். மாணவர்கள், இல்லத்தரசிகள், பணி ஓய்வு பெற்றவர்கள் தொழிலாளர் படைக்கு வெளியே வைக்கப்படுகின்றனர்.

சபாவும் புத்ராஜெயாவும்

2023ஆம் ஆண்டில் நாட்டின் விகிதம் 3.4 விழுக்காடு. சபாவிலோ அது 7 விழுக்காட்டுக்கும் மேல். கோவிட் காலத்தில், 2020 மே மாதம், நாட்டின் விகிதம் 5.3 விழுக்காடு வரை உயர்ந்தது. அந்த ஆண்டு சபாவில் ஏறக்குறைய 8 விழுக்காடு. சபாவில் விவசாயத்தையும் சுற்றுலாவையும் நம்பியிருப்போர் அதிகம், தொழிற்சாலைகள் குறைவு. புத்ராஜெயாவில் விகிதம் மிகக் குறைவு. அங்குக் குடியிருப்போரில் பெரும்பாலோர் அரசாங்க ஊழியர்களின் குடும்பத்தினர்.

குடிபெயர்ந்தவரின் கணக்கு

இந்த ஆய்வு ஒருவரை அவர் வசிக்கும் இடத்தில்தான் கணக்கிடுகிறது. வேலை செய்யும் இடத்தில் அல்ல. சாலாக் செலாத்தானில் குடியிருந்து ஷா ஆலாம் தொழிற்சாலைக்குப் போகிறவர் கோலாலம்பூர் கணக்கில் சேர்வார். தெலுக் இந்தான் தோட்டத்து இளைஞர் ஒருவர் வேலை தேடி வந்து கிள்ளானில் அறை வாடகைக்கு எடுத்துத் தங்கினால், அவர் சிலாங்கூர்க் கணக்கு. அதன் பிறகு பேராக்கின் விகிதம் குறையலாம். ஆனால் அவர் ஊரில் ஒரு வேலைகூடப் புதிதாக உருவாகியிருக்காது. தொழிலாளர் விடுதியில் தங்குவோர் இந்த ஆய்வில் சேர்க்கப்படுவதே இல்லை.

சிலாங்கூருக்குள்ளும் இதே நிலைதான். பெட்டாலிங், கிள்ளான் மாவட்டங்களில் தொழிற்சாலை, துறைமுக வேலைகள் குவிந்துள்ளன. சபாக் பெர்ணாமில் நெல்லும் செம்பனையும்தான் பிழைப்பு. மாநில விகிதம் ஒன்றுதான், வாய்ப்பு ஒன்றல்ல.

அமெரிக்க நகரங்களில்

அமெரிக்காவில் நகர வட்டாரம் வாரியாகவே மாதந்தோறும் விகிதம் வெளியாகிறது. கலிபோர்னியாவின் எல் சென்ட்ரோ, கீரையும் காய்கறியும் விளையும் எல்லைப்புற நகர். 2010ஆம் ஆண்டு வாக்கில் அங்கு நான்கில் ஒருவருக்கு மேல் வேலையின்றி இருந்தனர். அதே காலத்தில் வட டகோட்டாவின் ஃபார்கோவில் விகிதம் 5 விழுக்காட்டுக்கும் கீழ். பருவகாலக் கூலியை நம்பும் ஊர்தான் அங்கும் அதிகம் அடிபட்டது. ஆனால் அவர்கள் எண்ணையும் நம் எண்ணையும் நேரடியாக ஒப்பிட முடியாது. வேலை இல்லை என்று நம்பித் தேடுவதை விட்டவரை நம் ஆய்வு வேலையில்லாதவராகச் சேர்க்கிறது, அமெரிக்கா சேர்ப்பதில்லை.

வேலை இழந்தால்

சொக்சோவின் வேலைவாய்ப்புக் காப்புறுதித் திட்டம் 2018 முதல் நடப்பில் உள்ளது. தனியார் துறையில் சந்தா செலுத்தியவர்கள், ஆட்குறைப்பிலோ விருப்பப் பணிவிலகல் திட்டத்திலோ வேலை இழந்தால், 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தாமாகவே வேலையை விட்டவர்களுக்கும், ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவர்களுக்கும் இது கிடைக்காது. எனவே முதலாளி "ராஜினாமா கடிதம் கொடு" என்று கேட்டால், உடனே கையொப்பமிடாமல் முதலில் சொக்சோ அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அடுத்த முறை விகிதம் குறைந்ததாகச் செய்தி வந்தால், உங்கள் மாநிலத்தின் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். ஊரிலிருந்து எத்தனை பிள்ளைகள் வெளியேறினார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.