குளிரும் எந்திரக் கையும்: புரதப் படிகக் கையாளுகையின் வளர்ச்சி வரலாறு

எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சிப் புரதத்தின் அணு அமைப்பை அறியும் படிகவியலில், கதிரைப் பாய்ச்சுவதைவிடப் படிகத்தைச் சேதமின்றி எடுத்துக் கதிரின் பாதையில் நிறுத்துவதே நெடுங்காலம் அரிய வேலையாக இருந்தது. உப்புப் படிகத்தைப் போலன்றி, புரதப் படிகத்தின் பருமனில் ஏறத்தாழப் பாதி நீராக இருப்பதால், அது காற்றில் உலர்ந்தால் ஒழுங்கு குலையும். ஊசி முனை அழுந்தினால் நொறுங்கும். 1934இல் கேம்பிரிட்ஜில் பெர்னாலும் டோரதி குரோஃபுட்டும் பெப்சின் படிகத்தை, அது வளர்ந்த தாய்க்கரைசலின் ஈரம் போகாதபடி மெல்லிய கண்ணாடிக் குழாயில் வைத்துப் படமெடுத்தபோதுதான் தெளிவான விளிம்பு விளைவுப் புள்ளிகள் கிடைத்தன. அதற்குப் பின் அரை நூற்றாண்டுக் காலம் படிகத்தின் இருப்பிடம் அந்தக் கண்ணாடிக் குழாயாகவே இருந்தது.

தமிழகத்தில் இத்துறை வேரூன்றியது இக்காலத்தில்தான். 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் பொறுப்பேற்ற ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தின் மும்மைச் சுருள் வடிவத்தை முன்வைத்தார்; ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்ட வரைபடம், இன்றும் ஒவ்வொரு புரத அமைப்பின் சரித்தன்மையையும் சோதிக்கும் உரைகல்லாக விளங்குகிறது. அமெரிக்காவின் பஃபலோ நகருக்குச் சென்ற கர்த்தா, 1967இல் ரிபோநியூக்ளியேஸ் நொதியின் அமைப்பை வெளியிட்ட குழுவில் முதன்மையானவர். அக்காலத்தில் கதிர்பட்ட படிகம் விரைவில் சிதைந்ததால், பல படிகங்களில் துண்டு துண்டாகத் திரட்டிய அளவீடுகளை ஒன்றிணைக்க வேண்டியிருந்தது.

சிதைவைத் தடுக்கும் வழி குளிரில் இருந்தது. எக்ஸ் கதிர் படிக நீரில் தோற்றுவிக்கும் தனி உறுப்புகள், அதாவது இணையற்ற எலக்ட்ரான் கொண்ட வினைமிகு துகள்கள், அறை வெப்பநிலையில் பரவிப் புரதத்தைத் தாக்குகின்றன; ஏறத்தாழ 100 கெல்வினில், அதாவது −173 டிகிரி செல்சியஸில், அவற்றின் நகர்வு பெரிதும் முடங்குகிறது. ஆனால் நீர் பனிக்கட்டியாக உறைந்தால் விரிந்து படிகத்தைப் பிளந்துவிடும் என்பதால், கிளிசரால் போன்ற உறைகாப்புப் பொருளைச் சேர்த்து, நீர் கண்ணாடி நிலையிலேயே இறுகும்படி நொடிப்பொழுதில் குளிர்விக்க வேண்டும். ஹோகன் ஹோப் 1988இல் இதற்குப் பொதுவான முறையொன்றை வகுத்தார். அடுத்த ஆண்டே அடா யோனத் குழுவினருடன் அதை, செல்லில் புரதங்களைத் தொகுக்கும் ரைபோசோமின் படிகங்களுக்கும் பொருத்திக் காட்டினார். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2000இல் ரைபோசோமின் சிறு கூற்றின் அமைப்பை வெளியிட்டதும், 2009இல் யோனத், ஸ்டைட்ஸ் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதும் இந்தக் குளிர்முறை இட்ட அடித்தளத்தின்மீதே நிகழ்ந்தன.

1990இல் டெங் அறிமுகப்படுத்திய கண்ணி முறை அடுத்த திருப்பத்தைக் கொண்டுவந்தது. ஊசி முனையில் பொருத்திய மெல்லிழைக் கண்ணியால் படிகத்தைக் கோரியெடுத்தால், கரைசலின் பரப்பு இழுவிசை அதைப் படலத்தில் தாங்கிக்கொள்ளும். அப்படியே திரவ நைட்ரஜனில் அமிழ்த்தலாம். சேதத்தைத் தடுக்க வந்த குளிர்முறை, இவ்வாறு தானியக்கத்துக்கும் வழி திறந்தது. உறைந்த படிகம் கண்ணியில் அசையாமல் நிற்பதாலும், ஊசியின் அடிப்பகுதி காந்தத்தில் ஒட்டும் உலோக மூடியாக இருப்பதாலும், அதைப் பற்றித் தூக்கும் வேலையை எந்திரத்திடம் ஒப்படைக்க முடிந்தது. அபாட் ஆய்வகத்தார் 2000இலும், ஸ்டான்ஃபோர்டில் உள்ள சின்க்ரோட்ரான் (செறிவான எக்ஸ் கதிரைத் தரும் துகள் முடுக்கி) நிலையத்தார் 2002இலும் விவரித்த ரோபோக்கள், திரவ நைட்ரஜன் தொட்டியிலிருந்து ஊசியை எடுத்துக் கதிர்முன் பொருத்தி, அளவீடு முடிந்ததும் திரும்ப வைத்தன; கேமராப் படத்தைக் கொண்டு கண்ணியை நடுநிலைப்படுத்தும் வேலையையும் கணினி ஏற்றது.

எனினும் குளிர்விக்கும் அந்தக் கணம் நெடுங்காலம் கையின் வசமே நின்றது. திரவ நைட்ரஜனின் மேல் தேங்கும் குளிர்வாயு அடுக்கு, படிகம் திரவத்தைத் தொடுமுன்பே அதை மெதுவாகக் குளிர்வித்துப் பனிக்கட்டி உருவாக இடமளிக்கிறது என்றும், அவ்வடுக்கை அகற்றினால் குளிரும் வேகம் பெருமளவு கூடும் என்றும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தார்ன் குழுவினர் 2006இல் காட்டினர். வாயுவை ஊதி விலக்கி, மாறாத வேகத்தில் அமிழ்த்துவது கையைவிட எந்திரத்துக்கே இயல்பானது. படிகத்தைக் கோரும் வேலையிலும் 2012இல் கிரெனோபிள் நகரின் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தார், மெல்லிய படலத்தில் படிகத்தை வளர்த்து, லேசரால் படலத்தை வெட்டியெடுக்கும் முறையை வெளியிட்டனர்.

தானியக்கத்தின் பெரும்பயன் தொலைவு சுருங்கியதே. நைட்ரஜனை உறிஞ்சி வைக்கும் உலர் கலனில் படிகங்களைச் சின்க்ரோட்ரானுக்கு அனுப்பிவிட்டு, ஆய்வாளர் தம் ஊரிலிருந்தே அளவீட்டை இயக்கும் வழக்கம் இன்று பல நாடுகளில் நிலைபெற்றுள்ளது. இந்தியாவில் இந்தூரின் இண்டஸ்-2 சின்க்ரோட்ரானில் புரதப் படிகவியலுக்கெனத் தனிக் கதிர்த்தடம் உள்ளது. அரியலூர், பெரம்பலூர் போன்ற மாவட்டங்களின் கல்லூரிகளில் உயிர்வேதியியல் பயில்வோருக்கு, குளிர்விப்புக் கருவியும் உலர் கலனும் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரும் வாய்த்தால், பெருநகர ஆய்வகத்துக்கு இடம்பெயராமலே இத்துறையில் நுழைய இயலும். சென்னையில் ராமச்சந்திரன் தொடங்கிய மரபு உள்மாவட்டங்களை எட்ட வேண்டுமாயின், அந்த முதலீட்டை அங்கேயே செய்ய வேண்டும்.