பிரிந்தவர் கூடிய வரலாறு

ஒற்றுமையைப் போதியாத சமயம் உலகில் இல்லை. பிளவுபடாத சமயமும் இல்லை. நம் முன்னோர் பிறந்த தென்னாட்டில், பல பிரிவுகளாய் நின்ற கிறிஸ்தவ சபைகள் எவ்வாறு ஒன்று கூடின என்பதை ஆராய்தல் எச்சமயத்தார்க்கும் பயன் தருவதாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேனாட்டு மிஷன்கள் நாட்டைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு ஊழியம் நடத்தின. திருநெல்வேலியில் ஆங்கிலிகன் சபையார் ஓங்கினர். நாகர்கோவிலில் லண்டன் மிஷன். மதுரையில் அமெரிக்கன் மிஷன். ஆர்க்காட்டில் அமெரிக்கச் சீர்திருத்த சபையார். ஆகவே, ஒரு குடியானவன் எப்பிரிவினன் என்பதைப் பெரும்பாலும் அவன் கொள்கை தீர்மானிக்கவில்லை. அவன் பிறந்த ஜில்லாவே தீர்மானித்தது! ஐரோப்பிய அரசரும் குருமாரும் தமக்குள் இட்ட சண்டைக்கு, காவேரிக் கரையிலும் தாமிரபரணிக் கரையிலும் ஏரோட்டிய தமிழன் ஏன் வாரிசாதல் வேண்டும்?

இவ்வினாவிற்கு முதலில் விடை கூறியது வேத சாஸ்திர வாதமன்று, வேலையே. ஹென்றி பவர் தலைமையில் பல மிஷன்களைச் சார்ந்தோர் கூடி உழைத்த தமிழ் வேதாகமம் 1871இல் வெளிவந்தது. போதகர்களைப் பயிற்றப் பெங்களூரில் 1910இல் ஐக்கியக் கல்லூரி எழுந்தது. சென்னையில் 1915இல் பன்னிரண்டு மிஷன்கள் சேர்ந்து பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியை நிறுவின. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளியும் பல சபைகளின் துணையால் வளர்ந்தது. பிரசவ வேதனையில் துடிக்கும் தாயின் பக்கத்தில் நிற்கும் மருத்துவச்சியிடம், ஞானஸ்நானத்திற்கு நீர் தெளிப்பதா, நீரில் முழுக்குவதா என்று எவரும் வாதிடுவதில்லையன்றோ?

இங்ஙனம் கைகள் கூடியபின் கருத்துகளும் கூட முயன்றன. பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1908இல் இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆயின. 1919ஆம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில் முப்பத்து மூவர் கூடினர். இருவர் நீங்கலாக ஏனையோர் யாவரும் இந்தியர். அவர்களில் முதன்மையானவர் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் ஆங்கிலிகன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரான வேதநாயகம் சாமுவேல் அசரியா. நம்மிடையேயுள்ள பிளவுகள் நாம் உண்டாக்கியவையல்ல, புறத்தேயிருந்து நம்மீது சுமத்தப்பட்டவை என்பதே அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் உயிர்க்கருத்து.

ஆயினும் ஒரு முடிச்சு எளிதில் அவிழவில்லை. அத்தியட்சரால் அபிஷேகம் பெறாத போதகரின் ஊழியம் செல்லுமா, செல்லாதா? இவ்வொரு வினாவைச் சுற்றி இருபத்தெட்டு ஆண்டுகள் பேச்சு நடந்தது. முன்னரே ஊழியத்திலிருந்தோரை அவ்வாறே ஏற்பது, இனி வருவோர்க்கு அத்தியட்சர்களே அபிஷேகம் செய்வது என முடிவாயிற்று. 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், சென்னை செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் ஆங்கிலிகன், மெதடிஸ்ட், ஐக்கிய சபையார் கூடித் தென்னிந்தியத் திருச்சபையாயினர். நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களே ஆகியிருந்தன. அசரியா அந்நாளைக் காணவில்லை. 1945 ஜனவரி முதல் நாள் மறைந்தார். லூத்தரன், பாப்டிஸ்ட் சபையார் இவ்விணைப்பில் சேரவில்லை என்பதையும் மறைத்தலாகாது.

இவ்வெற்றியைப் போற்றுகின்றோம். ஆனால் ஒன்று கேட்கவும் கடமைப்பட்டுள்ளோம். மேனாட்டார் தந்த பிளவைக் களைந்தவர்கள், நாமே வளர்த்த பிளவை என் செய்தனர்? சபைகளில் சாதிவேற்றுமை ஒழிதல் வேண்டுமென்று கல்கத்தா அத்தியட்சர் டானியல் வில்சன் 1833இல் கண்டிப்பாய் உத்தரவிட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டனரேயன்றிச் சாதியை விடவில்லை. இன்றும் தமிழ்நாட்டில் சில ஊர்க் கிறிஸ்தவரிடையே சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் உண்டு. அபிஷேகத்தைப் பற்றி இருபத்தெட்டு ஆண்டுகள் பேசித் தீர்த்த பொறுமையில் ஒரு பங்கு இதற்கும் வேண்டாமா?

நம் நாட்டிற்கும் இதிற் பாடமுண்டு. யுத்த காலத்தில் சாங்கிச் சிறையில் பல சபைத் தலைவர்கள் ஒன்றாய் அடைபட்டிருந்தனர். அங்கு முளைத்த எண்ணமே 1948இல் சிங்கப்பூரில் ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் சபைகளின் பொதுக் கல்லூரியாய்த் திரித்துவக் கல்லூரி என்னும் பெயரில் மலர்ந்தது. துன்பம் ஒன்றானபோது பந்தியும் ஒன்றாயிற்று.

கோவிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் அருகருகே நிற்கும் நாட்டில் வாழும் தமிழர்காள்! பொதுவான பசிக்கும் நோய்க்கும் அறியாமைக்கும் எதிராக முதலில் கைகோப்போம். கருத்து வேற்றுமைகளை அமைதியாய்ப் பிறகு பேசித் தீர்க்கலாம். ஆனால் சாதியை மட்டும் அப்பந்திக்கு அழைத்து வாரற்க!