திருக்காவலூர் முனிவரும் இத்தாலியப் பருவச் சொற்களும்

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் எனப் போற்றிக் கலம்பகம் பாடியவர் வீரமாமுனிவர். 1680இல் வட இத்தாலியின் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்து, முப்பது வயதை ஒட்டித் தமிழகம் போந்தவர். வெயிலையும் குளிரையும் முதன்முதலாக அவர் பேசிய மொழி இத்தாலியம்.

அம்மொழியில் 'தேம்போ' என்னும் ஒரே சொல் காலத்தையும் வானிலையையும் குறிக்கும். வானிலையை வினவுவோர் 'கே தேம்போ ஃபா' என்பர். 'என்ன காலம் செய்கிறது' என்பது அதன் சொற்பொருள். 'ஃபா கால்தோ' எனின் வெப்பமாக இருக்கிறது. 'ஃபா ஃப்ரெத்தோ' எனின் குளிராக இருக்கிறது. செய்வது யார் என்பதற்கு அங்கே எழுவாய் இல்லை. 'பியோவே' என்ற ஒரு வினையே மழை பெய்வதை முற்றாக உணர்த்திவிடும். தமிழோ பெரும்பாலும் எழுவாயை விடுவதில்லை: வெயில் அடிக்கிறது, காற்று வீசுகிறது, மழை பெய்கிறது. 'குளிர்கிறது' என்பது மட்டும் இத்தாலியத்துக்கு அண்மையில் நிற்கிறது. கார் காலம், பனிக்காலம் என்னும் வழக்குகளால் நம் 'காலம்' என்ற சொல்லும் 'தேம்போ'வுக்கு ஓரளவு உறவாகிறது. ஆயினும் பெரம்பலூரின் மானாவாரிக் கரிசலில் பருத்தி விதைத்தவன் 'மழை பொய்த்தது' என்னும்போது மழை வாக்குத் தவறிய ஓர் ஆளாகிவிடுகிறது. இதனை 'பியோவே'யின் எதிர்மறையால் உணர்த்த முடியாது.

பனியின் நிலை வேறு. வட இத்தாலியச் சமவெளியின் குளிர்காலத்தில் உறைபனி, மூடுபனி, பெய்பனி மூன்றும் உண்டு. 'ப்ரீனா', 'நெபியா', 'நேவே' என மூன்றுக்கும் தனித்தனிச் சொற்களும் உண்டு. தமிழில் பனி என்பதே பெயர், அடைமொழியால்தான் வேறுபாடு. இங்குச் செல்வம் பருவப் பகுப்பில் உள்ளது. நான்கு பருவமே அறிந்து வந்தவர் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறினைக் கற்றார்.

வெப்பத்தை எண்ணால் கூறும் வழக்கம் அந்நாளில் வேரூன்றவில்லை. 1654இலேயே பிளாரன்சின் மெதிசி கோமகன் வெப்பமானிகளைப் பல ஊர்களுக்கு அனுப்பி அளக்கச் செய்தார் என்பது உண்மை. ஆனால் பாரன்ஹீட்டின் பாதரசக் கருவி 1714இலும், செல்சியசின் அளவை 1742இலுமே தோன்றின. எனவே அரியலூர்ச் சித்திரை வெயிலை முனிவர் உடலாலும் சொல்லாலுமே அளந்திருத்தல் வேண்டும். இத்தாலியர் இன்று செல்சியசில் பேசுகின்றனர். நம் நாளிதழ்களோ பாரன்ஹீட்டின் 'நூறு டிகிரி'யை இன்னும் விடவில்லை.

தேம்பாவணியின் நாட்டுப் படலத்தில் யூதேயாவைத் தமிழ்க் காப்பிய மரபுப்படி மழையும் ஆற்றுவெள்ளமும் வளம்படுத்துகின்றன. வறண்ட நிலத்துக்கு இது பொருந்தாதெனக் குறை காண்பார் உளர். அக்குறை முற்றும் பிழையன்று. எனினும் கொள்ளிடக் கரை வாழ்வை நினைத்தல் தகும்: உள்ளூர் வானில் மேகமே இல்லாத ஆடி மாதத்தில், குடகில் பெய்த மழை அங்கே வெள்ளமாக வந்து சேர்கிறது.