துணி விற்று வாங்கிய கடற்கரை

2021 மார்ச்சில் சாஃப்ரன்ஆர்ட் நிறுவனம் நடத்திய ஏலத்தில், வி. எஸ். கைத்தொண்டே 1961இல் தீட்டிய தலைப்பில்லாத எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று 39.98 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. நீலம் படர்ந்த அத்திரையில் கடல்மேல் ஒளி அசைவதைக் கண்டதாக எழுதினார்கள். அதில் கரையும் இல்லை, படகும் இல்லை, தொடுவானமும் இல்லை. தம் படைப்பு எப்பொருளையும் சுட்டுவதன்று என்பதே அவ்வோவியரின் கொள்கை. எனினும் அக்காலத்தில் அவர் பம்பாய்க் கடலோரத்தில் இருந்த புலாபாய் தேசாய் நிலையத்தில் அமர்ந்து வரைந்தவர். ஆகவே கடலைக் கண்டவர்களை முற்றும் பிழை சொல்வதற்கில்லை.

பனியன் ஒன்றுக்குக் கூலி பேசுகையில் பைசாவுக்கு வழக்காடும் ஊர் நம்முடையது. இத்தகைய தொகை நமக்குக் கதைபோல் ஒலிக்கும். ஆனால் அதே பத்தாண்டில், நம் தமிழகக் கரையில், துணிக்கும் ஓவியத்துக்கும் கடலுக்கும் இடையே நடந்த ஒரு கொடுக்கல் வாங்கல் நமக்கு இன்னும் நெருக்கமானது.

கே. சி. எஸ். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். கொங்கு மண்ணில் இதை நினைவுகூர்வோர் அரிது. இளமையில் தென்னையும் வாய்க்காலுமாக நீர்வண்ண நிலக்காட்சிகள் தீட்டினார். 1957இல் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வரானார். 1963 முதல் அவர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்துப்போல் தோன்றும் கோடுகள் திரையை நிறைக்கும். வாசிக்க முயன்றால் பிடிகொடா. கவிஞர்கள் அவற்றின் முன் சற்று நேரம் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

பள்ளியை விட்டு வெளியேறும் இளைஞர்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்பது அவரை வருத்திய கேள்வி. ஓவியம் வாங்குவோர் அன்று சென்னையில் மிகச் சிலரே. எனவே கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருவாயைப் பொதுவில் சேர்த்தார்கள். அவற்றுள் முதன்மையானது பாத்திக் துணி. உருக்கிய மெழுகால் துணியில் வரைந்து சாயத்தில் முக்கினால், மெழுகுள்ள இடத்தில் நிறம் ஏறாது. மெழுகு விரிசல் கண்ட இடங்களில் சாயம் மயிரிழையாக உட்புகும். சுடுநீரில் மெழுகு உருகிவிடுமாதலால் குளிர்ந்த சாயமே வேண்டும். சாயம் ஏறாத இடம் நம் பட்டறைகளில் பழுது. துணியே திரும்பி வந்துவிடும். அங்கோ அதுவே சித்திரம்.

அப்படிச் சேர்ந்த பணத்தில் 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கடலை ஒட்டி ஏறத்தாழ பத்து ஏக்கர் மணல்நிலம் வாங்கப்பட்டது. சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்று பெயரிட்டார்கள். குடிசைகள் எழுந்தன. ஒரு பொழுது கைவினை, மறுபொழுது ஓவியம் என்று நாள் கழிந்தது. அங்கு வாழ்ந்த கே. ராமானுஜம் 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்தார். அவருடைய கனவு நகரங்கள் இன்று ஏலப் பட்டியல்களில் இடம்பெறுகின்றன.

ஏலத்தில் சுத்தியல் விழும்போது பணம் சேர்வது கடைசியாக அவ்வோவியத்தை வைத்திருந்தவரிடம். வரைந்தவருக்கு முதல் விற்பனையோடு கணக்கு முடிந்தது என்றே பலரும் எண்ணுகிறோம். சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், 1994ஆம் ஆண்டுத் திருத்தம் 53அ என்னும் பிரிவைச் சேர்த்தது. மூல ஓவியம் ஒன்று பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகுமானால், படைத்தவருக்கோ அவர் வாரிசுகளுக்கோ அவ்விலையில் பங்குண்டு. அப்பங்கு நூற்றுக்குப் பத்தை மிஞ்சலாகாது. கைத்தொண்டேயின் ஓவிய விலையில் அந்த உச்ச அளவைக் கணக்கிட்டால், ஏறக்குறைய நான்கு கோடி.

இதை ஓர் இலக்கிய மலரில் எழுதக் காரணம் உண்டு. அதே பிரிவு இலக்கியப் படைப்பின் மூலக் கையெழுத்துப் படியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அச்சானதும் கைப்படியைக் கிழித்தெறிவது நம் வட்டத்துக் கவிஞர்களிடையே வழக்கமாகிவிட்டது, நானும் விலக்கல்லன். இவ்வுரிமை பதிப்புரிமைக் காலம் உள்ளவரை நீடிக்கும். அதாவது படைத்தவர் மறைந்த பின் அறுபது ஆண்டு. பணிக்கர் மறைந்தது 1977இல். அவர் ஓவியங்களுக்கு அது 2037 இறுதிவரை உண்டு.